எங்கள் ஒழுங்கை குளிர்ந்த விதம்

சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு நற்செய்தி வந்தது. நாங்கள் குடியிருக்கிற குறுகலான ஒழுங்கை குளிர்ந்துகொண்டிருக்கிறதாம்.

சொன்னவர் ஒரு டொக்டர். கேட்டுக்கொண்டிருந்த நான் அன்றைக்கு மூன்றாவது பெனியனில் இருந்தேன். கச்சான் காற்று தொடங்கி ஐந்தாவது கிழமை. திருகோணமலையில் கச்சான் அடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாத வெளியூர் வாசகர்கள், ஏதாவது ஒரு பேக்கரியில் போறணைக் கதவைத் திறக்கச் சொல்லி, அதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். நாங்கள் அதற்குள்தான் குடியிருக்கிறோம்.

“எங்கேயோ பிழை விட்டிருக்கிறீங்கள் டொக்டர்.”

“இல்லை அண்ணை. கிண்ணியாவில ஏறுது. சீனன்குடாப் பக்கம் ஏறுது. உங்கட வளவு மட்டும் இறங்குது. ஒரு மாசமாப் பாத்துக்கொண்டு வாறன்.”

அவர் கதிரையின் நுனியில் இருந்தார். ஆராய்ச்சிக்காரர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டால் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

டொக்டர் நிமலன் – இதில் வருகிற பெயர்கள் எல்லாம் மாற்றியவை – ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பிக்கிறவர். உலகம் சூடேறுகிறது, சூடேறினால் மனித உடம்புக்கு என்ன ஆகும் என்பது அவருடைய ஆராய்ச்சி. இரவிலும் வெக்கை தணியாவிட்டால் நித்திரை கெடும், நித்திரை கெட்டால் இதயம் கெடும், கடித்துக் காய்ச்சல் பரப்புகிற நுளம்பு இதுவரை போகாத ஊருக்கெல்லாம் போகும்... இப்படி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வருவதை நானும் வாசிக்கிறேன். ஆனால் அதைப் பார்க்க எங்கள் ஊருக்கு ஒருவர் வருவார் என்று நினைக்கவில்லை. இங்கே மனிதர்கள் சாவதற்குக் காரணம் தேடி யாரும் வெப்பமானி கொண்டுவருவதில்லை.

அவர் கொண்டுவந்தார். மூன்று பெட்டிகள். ஒன்று கிண்ணியாவில் ஒரு நெல் ஆலை வளவில். ஒன்று சீனன்குடா போகிற வழியில் ஒரு வீட்டில். மூன்றாவது எங்கள் வளவில்.

பெட்டி என்றால் வெள்ளைப் பெயின்ற் அடித்த மரப்பெட்டி. நாலு கால், மேலே கூரை, சுற்றிவரக் காற்றுப் போக இடைவெளி விட்டுச் சாய்வாக அடித்த பலகைகள், பூட்டுப் போட்ட கதவு. உள்ளே வெப்பமானி. புறாக்கூடு என்றார் எதிர்வீட்டுக்காரர். ஒழுங்கை முனைக் காவலரணில் இருந்த ஆமிக்காரருக்கு அது புறாக்கூடாகத் தெரியவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது, முன்பக்கத்தில் ஒரு பலகை அடித்திருந்தது. மூன்று மொழியிலும், முத்திரையோடு: ‘விஞ்ஞானக் கருவி. தொடவேண்டாம்.’

ஆக, பூமி சூடேறுவதற்கு முகாமின் அனுமதி கிடைத்தது.

பிறகு டொக்டர் வீடு வீடாகப் போனார். கையில் ஒரு படிவம். நேற்று இரவு எத்தனை தரம் விழித்தீர்கள்? காரணம் என்ன? வெப்பம், தாகம், நுளம்பு, வேறு. நானும் கூடப் போனேன். எதிர்வீட்டுக்காரர் யோசித்துவிட்டு ‘வேறு’ என்றார்.

“வேறு எண்டா?”

“நாய் குலைச்சது.”

“நாய் ஏன் குலைச்சது?”

“ஆக்கள் நடந்தவை.”

“எந்த ஆக்கள்?”

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். “தம்பி, நீங்கள் நுளம்பு எண்டு போடுங்கோ.”

எங்கள் ஒழுங்கையில் அந்த மாதம் நுளம்புத் தொல்லை மிக அதிகம்.

சரி, வெப்பமானிக்கு வருவோம். தினமும் காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்து, கூடிய வெப்பம், குறைந்த வெப்பம் இரண்டையும் எழுதவேண்டும். பொறுப்பை நான்தான் ஏற்றேன். ஆனால் செய்தியாளன் எட்டு மணிக்கு வீட்டில் இருப்பானா? இரண்டாவது நாளே வேலையைப் பக்கத்துவீட்டுப் புவனம் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

புவனம் அக்கா தபால் கந்தோரில் தந்திப் பிரிவில் இருந்து இளைப்பாறியவர். தனியே இருக்கிறார். ஊராருடைய பிறப்பையும் இறப்பையும் ஏழெட்டுச் சொல்லில் அடக்கி அனுப்பிப் பழகியவர்; இப்போதும் அதற்கு மேல் பேசமாட்டார். எட்டு மணி என்றால் எட்டு மணி. ஏழு ஐம்பத்தொன்பதுக்கு வந்தால் ஒரு நிமிடம் நின்று காத்திருந்துதான் திறப்பார். என் வேலை, கிழமை முடிவில் அந்தத் தாளின் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்து வைப்பது. வைத்தேன். ஒழுங்காக வைத்தேன்.

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம். எங்கள் ஒழுங்கை ஏன் குளிர்கிறது? டொக்டரும் நானும் இருந்து யோசித்தோம். உள்துறைமுகத்துக் காற்று இந்த ஒழுங்கையால் நேரே வருகிறதோ? வளவில் நிற்கும் இரண்டு வேம்பும் காரணமோ? மண்ணுக்கு அடியில் பழைய ஓடை ஏதாவது இருக்குமோ? எனக்கு ஓடை பிடித்திருந்தது. தலைப்புக் கூட வந்துவிட்டது.

“கொழும்பில ஒரு கூட்டத்தில பேசப்போறன் அண்ணை. பெட்டியை ஒரு படம் எடுக்கவேணும்.”

பூட்டுத் திறப்பு அக்காவிடம் இருந்தது. கூப்பிட்டேன்.

“இப்ப என்னத்துக்கு? எட்டு மணிக்குத்தானே வாசிக்கிறது” என்றபடி வந்தார். திறந்தார்.

உள்ளே வெப்பமானி இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு மண்முட்டி இருந்தது. முட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. முட்டிக்குள் ஈர மணல். மணலில் கழுத்தளவு புதைத்து ஒரு ஜாம் போத்தல். போத்தலுக்குள் மூன்று சின்னக் குப்பிகள்.

காற்று இடைவெளிகளால் வந்து, ஈரச் சாக்கைத் தடவி, வெப்பமானியில் பட்டுப் போய்க்கொண்டிருந்தது. கையை உள்ளே நீட்டினேன். உண்மையாகவே குளிர்ச்சி. விஞ்ஞானம் பொய் சொல்லவில்லை.

டொக்டர் முட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “இதென்ன அக்கா?”

“இன்சுலின்.”

“எப்ப வைச்சனீங்கள்?”

“கச்சான் தொடங்கின கிழமை. எழுதியிருக்கு.”

“எங்க எழுதியிருக்கு?”

“தாளில.”

டொக்டர் பையைத் திறந்து தாள்களை எடுத்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அக்காவின் சின்னத் தந்தி எழுத்து. ‘முட்டி உள்ளே. சாக்கு நனைத்தது.’ அடுத்த நாள்: ‘முட்டி உள்ளே. சாக்கு நனைத்தது.’ ஒரு நாள் மட்டும்: ‘முட்டி வெளியே. கிளினிக் போனது.’ அதற்கடுத்த நாள் மறுபடியும் உள்ளே. ஐந்து கிழமைக்கு ஒரு நாள் தவறாமல்.

பல்கலைக்கழகத்தில் இலக்கங்களை மட்டும்தான் கணினியில் ஏற்றினார்களாம். குறிப்பை யாரும் வாசிக்கவில்லை.

ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கையெழுத்து. நல்ல அழகான கையெழுத்து. இந்தப் பத்தியின் மேலே இருக்கிற பெயருக்குரியது. ஒரு காற்புள்ளி தவறினால் அச்சுக்கோப்பாளரோடு சண்டைக்குப் போகிற கண் இது என்று இருபது வருடமாகச் சொல்லித் திரிகிறேன்.

“வெப்பமானியில இருக்கிறதை எழுதச் சொன்னீங்கள். எழுதினன்” என்றார் அக்கா. “பெட்டியில இருக்கிறதையும் எழுதினன். வேற என்ன எழுத?”

டொக்டர் நெற்றியைத் துடைத்தார். “அக்கா, முட்டி உள்ள இருந்தா கணக்கு எல்லாம் பிழையாப் போகும். எடுக்கவேணும்.”

“ஓம். எடுக்கிறன்.”

முட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு போனது.

என் மனைவி குசினி வாசலில் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவள். “தம்பி, உங்கட ஆராய்ச்சி என்னத்தைப் பற்றி?”

“வெக்கையால மனுசருக்கு வாற பாதிப்பு அக்கா.”

“அப்ப அந்தா போறா. பாருங்கோ.”

டொக்டர் வந்து மறுபடியும் கதிரையில் இருந்தார். இம்முறை நுனியில் அல்ல. மனைவிதான் நடந்ததைச் சொன்னாள்.

எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் எப்போதாவது வந்து போகிற உறவினர் மாதிரி. அக்காவிடம் பிரிட்ஜ் இருக்கிறது. அதில் சேலை மடித்து வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஆமியின் தேடுதல் ஒன்று. அக்காவின் இன்சுலினையும் ஊசிகளையும் எடுத்து, டோர்ச் பற்றரிகளோடு சேர்த்து மேசையில் பரப்பினார்கள். காட்டுக்குள் யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றார். நம்பவில்லை. மூன்று நாள் முகாமில் தகரக் கூரைக்குக் கீழே இருந்துவிட்டுக் குப்பிகள் திரும்பி வந்தன. வெக்கையில் கெட்ட இன்சுலின் பார்வைக்கு அநேகமாக நல்லதுபோலவேதான் இருக்கும். அக்கா அதைத்தான் ஏற்றினார். ஐந்தாம் நாள் குசினியில் விழுந்து கிடந்தார். என் மனைவி மா அரிதட்டுக் கேட்கப் போகாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

“முட்டியை மரத்துக்குக் கீழ வைக்கலாமே?” என்றார் டொக்டர்.

“வைச்சா அதையும் கிண்டுவினம்” என்றாள் மனைவி.

“வேற ஒரு பெட்டி செய்து குடுப்பம். அதே மாதிரி. நான் செலவழிக்கிறன்.”

“பெட்டியைத் தச்சன் செய்வான். அந்தப் பலகையை ஆர் செய்யிறது?”

அப்போதுதான் டொக்டருக்கு விளங்கியது. எங்கள் ஒழுங்கையில் குளிர்ச்சியான இடம் தேடினால் நாலைந்து கிடைக்கும். யாரும் கைவைக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. அது பூமி சூடேறுவதை அளக்க வைத்த பெட்டி.

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு லொட்ஜுக்குப் போனார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிப்பதற்கு நேரம் கிடைக்கவில்லை. பின்னேரமே கதை வந்துவிட்டது: விடியச் சுற்றிவளைப்பு. இப்படியான கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்கக்கூடாது. வந்தால் பெரும்பாலும் சரி.

நான் அடையாள அட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி வேலிப் பொட்டால் நுழைந்து போய், அக்கா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் மேசை லாச்சியில் நான் மறந்தே போட்டிருந்த மற்றத் திறப்பால் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, டொக்டரிட்டச் சொல்லவேண்டாம்.”

“ஆராய்ச்சி...?”

“அது ஒரு நாள் பொறுக்கும்.”

அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “பிள்ளை, நீ செய்தது பிழை.”

“ஓம் அக்கா. போய்ப் படுங்கோ.”

விடிய ஐந்தரைக்கு வந்தார்கள். எல்லோரையும் ஒழுங்கைக்கு வரச் சொன்னார்கள். நின்றோம். அக்காவின் வீட்டில் பிரிட்ஜைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். எங்கள் வளவில் ஊருக்குப் புதிதான ஒரு ஆமிக்காரர் பெட்டியின் பூட்டில் கைவைத்தார். பின்னால் வந்த சார்ஜன்ட் பலகையை உரத்து வாசித்துக் காட்டினார். கை திரும்பி வந்தது.

மனைவி மூச்சு விட்டாள். நானும் விட்டேன். எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில், எனக்குப் பக்கத்தில் நின்ற புவனம் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எட்டுக்கு ஐந்து நிமிடம்.

“அக்கா, இண்டைக்கு விடுங்கோ” என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

“ஒரு நாளும் விட்டதில்லை.”

“அக்கா, திறந்தால் தெரியும்.”

“தெரியட்டும். ஒளிச்சு வைச்சது நானில்லை.”

போய்விட்டார். சார்ஜன்டுக்கு முன்னால் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார், பெட்டியைக் காட்டினார், தாளைக் காட்டினார். சார்ஜன்ட் பலகையைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஆனால் கூடவே வந்தார். இரண்டடி பின்னால், துவக்கோடு. நான் செய்தியாளன், தள்ளி நின்று பார்ப்பது என் தொழில். அன்றைக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது.

அக்கா நின்று ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு திறந்தார்.

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். முட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். அக்கா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தந்தி மாதிரித்தான். “மெடிசின். மைன். மஸ்ட் கீப் கூல்.”

சார்ஜன்ட் முட்டியைப் பார்த்தார். வெப்பமானியைப் பார்த்தார். ஈரச் சாக்கில் ஒரு விரலை வைத்தார். எடுத்து அந்த விரலைத் தன் கழுத்தில் ஒருமுறை தடவிக்கொண்டார். அவருக்கும் அன்றைக்கு அதே கச்சான்தானே. அக்கா இலக்கங்களை வாசித்து எழுதி முடிக்கும்வரை நின்றார். பிறகு கதவைத் தானே சாத்தினார். மெதுவாக, சத்தம் வராமல்.

போய்விட்டார்கள். அன்றைய குறிப்புக் கட்டத்தை நான் அக்கணமே வாசித்தேன். திருந்திவிட்டேன், பாருங்கள். ‘முட்டி உள்ளே. வைத்தது நான் அல்ல.’

பத்து மணிக்கு டொக்டர் ஓடி வந்தார். தாளை வாசித்தார். சிரிக்கத் தொடங்கியவர் சார்ஜன்ட் கதையைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். பார்த்தது பார்த்ததுதான். இன்றைக்குச் சாத்திவிட்டுப் போன கதவை நாளைக்கு வேறொருவர் சாத்துவார் என்று என்ன நிச்சயம்?

“அண்ணை, முகாமுக்குப் போவம். ஒளிக்க வேண்டாம். கேட்டு வாங்குவம்.”

வியாழக்கிழமை போனோம். ஒன்றரை மணி நேரம் மர வாங்கில் காத்திருந்தோம். கப்டன் ஆங்கிலத்தில் பேசினார். மரியாதையான மனிதர், களைத்த முகம். டொக்டர் தன் கடதாசிகளைப் பரப்பி, இன்னொரு பெட்டி வைக்க அனுமதி கேட்டார்.

“ஒரு வளவில் இரண்டு பெட்டி எதற்கு?”

“ஒன்றில் வெப்பத்தை அளக்கிறோம். மற்றதில் மருந்து வைக்கவேண்டும். இந்த வெக்கையில் மருந்து கெடுமா, முட்டியில் வைத்தால் தாங்குமா என்று பார்க்கவேண்டும்.”

அது பொய் இல்லை. முதல்நாள் இரவு லொட்ஜில் இருந்து யோசித்து அதையும் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டாராம். மனித ஆரோக்கியம் என்று தலைப்பில் போட்டவருக்கு இது தோன்ற ஒரு மாதமும் ஒரு ஜாம் போத்தலும் தேவைப்பட்டிருக்கிறது.

“யாருடைய மருந்து?”

“வெப்பமானி வாசிக்கிற பெண்மணியுடையது.”

“அந்த எட்டுமணிப் பெண்மணியா?”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆம் என்றேன்.

“என்னுடைய காவலாளிகள் அவரைப் பார்த்துத்தான் கடிகாரம் சரிசெய்கிறார்கள்” என்றார் கப்டன். பேனாவை எடுத்தார். “உள்ளே என்ன இருக்கிறது என்று பலகையில் தெளிவாக எழுதவேண்டும். எத்தனை குப்பி என்று மாதம் ஒருமுறை எனக்கு அறிவிக்கவேண்டும்.”

அதில் அக்காவுக்கு என்ன கஷ்டம்? மாதம் ஒருமுறை போதுமா என்று கேட்டார்.

டொக்டர் ஊருக்குப் போகுமுன் ஒரு விஷயம் சொன்னார். எங்கள் பெட்டியின் இலக்கங்களைக் குப்பையில் போடத் தேவையில்லையாம். முட்டி எந்த நாள் உள்ளே, எந்த நாள் வெளியே என்று குறிப்பு இருப்பதால், எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும்.

“மற்றப் பெட்டிகள்தான் அண்ணை இப்ப யோசனை. அதுகளில ஒரு குறிப்பும் இல்லை. உள்ள என்ன கிடக்குது எண்டு ஆருக்குத் தெரியும்?”

எந்த ஆராய்ச்சிச் செய்தியை வாசித்தாலும் இனி எனக்கு இந்தச் சந்தேகம் வரும். இலக்கம் சரிதான். பெட்டிக்குள் வேறென்ன இருந்தது? டொக்டருக்கும் வந்துவிட்டது போல. வெள்ளிக்கிழமை விடியவே கிண்ணியாவுக்குத் தோணி ஏறிவிட்டார்.

இரண்டாவது பெட்டி சனிக்கிழமை வந்தது. வெள்ளை நிறம், நாலு கால், அக்காவின் வளவில், கிணற்றடி நிழலில். பலகையில் மூன்று மொழியிலும் ‘மருந்து. தொடவேண்டாம்.’ கீழே முத்திரை. அக்கா முட்டியை உள்ளே வைத்து, சாக்கை நனைத்து, கதவைப் பூட்டினார். மனைவி கேட்டாள்: “இப்ப நிம்மதிதானே அக்கா?”

“கதவு கொஞ்சம் இறுக்கம்” என்றார். அவருடைய அகராதியில் அதற்கு ஓம் என்று பொருள்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதச் சொன்னார். அச்சுக்குப் போகுமுன் தான் ஒருமுறை சரிபார்க்கவேண்டும் என்றார். பார்த்தார். ஐந்து இடத்தில் வெட்டினார்.

வேலியடியில் நின்று இதையெல்லாம் எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தார். நேற்று மாலைக்குள் ஒழுங்கையில் இருந்து மூன்று பேர் டொக்டரின் விலாசம் கேட்டு வந்துவிட்டார்கள். அவர்களுடைய வளவுகளிலும் காலநிலை மாறுகிறதாம்.